அம்மாவின் விரலில் வந்த நம்பர்

சாரம், புதுச்சேரி
5.9.2008

அன்பு மகள் பாரதிக்கு அப்பா எழுதுவது. லியோனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து, கஞ்சியிலிருந்து சோற்றுக்கு மாறியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அம்மாவைக் கோபித்துக்கொண்டாய். "மெஷின் கூவுனா போதுமா, விரலக் குத்திப் பாக்க மாட்டியா? எத்தினி தடவ சொன்னேன்" என்று நீ கத்தியது கட்டிலில் கிடந்த எனக்கும் கேட்டது. அவள் "தப்புதாம்மா" என்றாள். தப்பு அவளுடையது இல்லை. போனில் சொல்ல நா எழாததால் எழுதுகிறேன்.

நடந்தது இது. முதலியார்பேட்டையில் செல்வாம்பாள் அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். அம்மா கூடத்தில் பெண்களோடு இருந்தாள். நான் பந்தியில் அதிரசமும் பாயசமும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன், என் சர்க்கரை நோய்க்கு இடுப்பில் மாட்டியிருக்கும் பம்பில் அதற்கு வேண்டிய இன்சுலினைப் போடவும் இல்லை, நாலு பேர் எதிரில் இடுப்பில் கைவிட்டுப் பொத்தானை அழுத்தக் கூச்சம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், விரலைக் குத்தி, வருகிற சர்க்கரை நம்பரை வயிற்றில் நீ ஒட்டக் கற்றுக்கொடுத்த சென்சாருக்குக் கொடுக்க வேண்டிய நேரம். அந்த நம்பர்களைத்தான் வாரா வாரம் போனில் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்வாய். அன்றைக்கு எக்கச்சக்கமாக வரும் என்று எனக்குத் தெரியும். அம்மாவைக் கூப்பிட்டு, உனக்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம், கையைக் காட்டு என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்ளோ வருசத்துல இன்னிக்கித்தான் என் ஒடம்பப் பத்திக் கேக்கத் தோணுச்சா?" என்று சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள். நூற்றுக்குக் கீழே வந்தது. அதையே என்னுடையது என்று சென்சாருக்குக் கொடுத்தேன்.

சென்சாருக்கு என்ன தெரியும், நம்பிவிட்டது. சற்று நேரத்தில் சர்க்கரை இறங்குகிறது என்று கூவ ஆரம்பித்தது. அம்மா பதறி ஓடி வந்தாள். நீ சொல்லிக்கொடுத்தபடியே பம்பை நிறுத்தினாள், சர்க்கரைத் தண்ணீர் கலக்கினாள். அது பொய்யாகக் கூவுகிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். வாங்கிக் குடித்தேன். மறுபடி கூவியது, மறுபடி குடித்தேன். விரலைக் குத்திப் பார்ப்போம் என்று அவள் கருவியைக் கொண்டுவந்தாள், பாரதி. இப்போதுதானே பார்த்தேன் என்று தடுத்தது நான்தான். நிறுத்திய பம்பையும் நான் திரும்ப ஓடவிடவில்லை, இன்சுலின் இல்லாமல் ராத்திரி முழுக்கச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. விடியும்போது வாந்தி, நினைவும் தப்பிவிட்டது, பக்கத்து வீட்டு கோபிநாத் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனான். மறுநாள் டாக்டரிடம் அவள் "நாந்தாங்க குடுத்துக் கெடுத்துட்டேன்" என்று அழுதபோது எனக்கு நினைவு திரும்பியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

இதுவரை எழுதியதை இப்போது அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுபோயிற்று. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. கடைசியில், "அப்ப எனக்கு வந்த நம்பராவது நெசமா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். மீண்டும் கீரையை எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். குளிர் வருமுன் குழந்தைக்குக் காது மூடும் குல்லாய் வாங்கிவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என் நம்பரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள். மெய்யாகவே கேள்.

உன் அப்பா,
பலராமன்