கதவிலிருந்து அடுப்பு வரை

ஜூலை 6, சனி

விருதுநகர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆய்வு முறைகள் வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன். எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறவர்களில் எனக்குத்தான் வயது அதிகம். பாடம் நடத்தும் ஸ்ரீமதி மேடம் என்னைவிட ரொம்பச் சின்னவர். அவர் என்னை மேடம் என்கிறார், நானும் அவரை மேடம் என்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இன்று ஒரு கேள்வி கேட்டார். "சிகிச்சைக்கு அப்புறம் ஒருத்தர் தேறிட்டார். சிகிச்சையாலதான் தேறினார்னு எப்படிச் சொல்வீங்க?"

"கண்ணால பாக்கிறோமே மேடம்" என்றேன். சிவகாசியில் தீக்காய வார்டிலேயே காலம் தள்ளிய நர்ஸ் வேறு என்ன சொல்வாள்?

"அந்தச் சிகிச்சை இல்லாட்டியும் தேறியிருப்பாரோ என்னவோ. அதைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எப்படிப் பார்க்க முடியும்?

ஜூலை 20, சனி

ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுத்துவிட்டேன். பட்டாசு விபத்தில் பிழைத்து, புண் ஆறி வீட்டுக்குப் போன பெண்கள் பலர் அடுப்புப் பற்றவைப்பதில்லை. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு குழு. ஒன்று அடுப்புக் குழு: வாரா வாரம் அடுப்பை நோக்கி ஒவ்வொரு படியாகப் போகும். இன்னொன்று பேச்சுக் குழு: அதே நேரம் உட்கார்ந்து பொதுவாகப் பேசும், அவ்வளவுதான். யார் எதில் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆய்வுக்கு அனுமதி தரும் கல்லூரி நெறிமுறைக் குழுவில் ஒருவர் கேட்டார்: பேச்சுக் குழுப் பெண்களுக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? ஆய்வு முடிந்த கையோடு அவர்களுக்கும் பயிற்சி உண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பார்த்தேன். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, சமைக்கிற கூடத்தை ஞாயிறு மதியங்களில் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். பெரிய கதவு, எதிர்ச்சுவரோரம் அடுப்பு. இடையில் நல்ல தூரம். எனக்கு அதுதான் வேண்டும்.

நாரணாபுரத்து வேலுத்தாய் வருவதாகச் சொல்லிவிட்டார். என் வார்டில் கிடந்தவர். இடது கை முழுக்கத் தழும்பு. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த தோழி பட்டாசு ஆலை வெடிப்பில் போய்விட்டாள்.

அடுத்த தெருப் பாண்டிச்செல்வியும் வருகிறாள். அவளுக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் ஆலை வெடித்தபோது எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தாள். அவள் புருஷன் அய்யப்பன் அச்சாபீஸ் வேலைக்குப் போகும் முன்னால் அவனே உலை வைத்துவிட்டுப் போகிறான். "யக்கா, இவள எப்பிடியாச்சும் சரி பண்ணிருங்க" என்றான். சரிப்பா என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சீட்டுக் குலுக்கினோம். வேலுத்தாய் அடுப்புக் குழு. பாண்டிச்செல்வி பேச்சுக் குழு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நேற்றும் இன்றும் வேலையில் மனசு ஓடவில்லை. ஒரே ஒரு சீட்டுத்தானே, மாற்றினால் என்ன? ஸ்ரீமதி மேடத்துக்கு போன் போட்டேன்.

"ஏன் அவங்களை மாத்தணும்?"

"எனக்குத் தெரிஞ்சவ மேடம். அவ நல்லாத் தேறி வருவா."

"அதனாலதான் மாத்தக் கூடாது. தேறி வருவாங்கன்னு நினைக்கிறவங்களை எல்லாம் நாம ஒரே பக்கம் சேர்த்துட்டா, கடைசியில என்னத்தைக் கண்டுபிடிப்போம்? நீங்க நல்லா ஆள் எடுத்தீங்கன்னு மட்டும்தான் தெரியும்."

சீட்டை மாற்றவில்லை.

சாயங்காலம் அய்யப்பன் வந்து வாசலிலேயே நின்றுகொண்டான். "எம் பொண்டாட்டி மட்டும் என்ன பாவம் செஞ்சா? அவுகளுக்கெல்லாம் வைத்தியம், இவளுக்கு வெறும் பேச்சா? தெரிஞ்ச மனுசின்னுதான உங்கள்ட்ட விட்டேன்."

முடிந்ததும் அவளுக்கும் உண்டு என்றேன். "அதுவரைக்கும்?" என்று கேட்டான். டீ கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

முதல் அளவீடு. கதவிலிருந்து அடுப்பு வரை தரையில் சாக்பீஸ் கோடுகள். எந்தக் கோடு வரை வருகிறார்கள், தீப்பெட்டியைத் தொடுகிறார்களா, குச்சியை உரசுகிறார்களா என்று குறிக்க வேண்டும். அளப்பது நான் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் ஷைலா அளக்கிறாள். யார் எந்தக் குழு என்பது அவளுக்குத் தெரியாது.

இதற்கு நான்தான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்திகை பார்த்த அன்று ஸ்ரீமதி மேடம் என்னை போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். வேலுத்தாய் நடக்கும்போது நான் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், வா வா என்று கூப்பிடுவது மாதிரி. பேச்சுக் குழுப் பெண் நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்! எனக்கே தெரியாது. பொய் சொல்ல நினைக்காதவளும் இப்படித்தான் பொய் சொல்கிறாள் போல.

செப்டம்பர் 15, ஞாயிறு

பாண்டிச்செல்வி ஒரு வாரமும் தப்பாமல் வருகிறாள். அய்யப்பன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அடுப்புக் குழுவில் எல்லாரையும் விட முன்னால் நிற்பவர் வேலுத்தாய். அடுப்பு மேடையில் கை வைத்தார். கையை எடுத்துவிட்டுத் தானாகச் சிரித்தார். இந்தக் கையால் இன்று வேறு எதையும் தொடமாட்டேன் என்றார். மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

தப்புப் பண்ணிவிட்டேன்.

தீபாவளிக்குள் வேலுத்தாய் குச்சி உரசிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. எனக்குத்தான். அவர் கேட்கவில்லை. அடுத்த படிக்குத் தயாரா என்று அவரிடம் கேட்ட பிறகுதான் போக வேண்டும், நானே எழுதி வைத்த முறை அது. கேட்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தார், நல்லாத்தானே நிற்கிறார் என்று நான் குச்சியை உரசிவிட்டேன். என் கையைத் தட்டிவிட்டார். குச்சி தரையில் விழுந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, செத்துப்போன தோழியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். மற்றப் பெண்கள் எல்லாம் வெளியே ஓடிவிட்டார்கள்.

அவர் மூச்சு நிதானமாகும் வரை தரையில் கூடவே உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவில் வீடு வரை கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "இனிமே வரல சிஸ்டர். கோவிச்சுக்கிராதீக" என்றார்.

நானா கோவிக்கணும்? என்னையா சமாதானப்படுத்துறீங்க? ஆண்டவரே, எதுக்கு அந்தக் குச்சிய எடுத்தேன் —

அக்டோபர் 12, சனி

நடந்ததை நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். ஸ்ரீமதி மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நெறிமுறைக் குழுவினர், பயிற்சியை நிறுத்தாமல், ஒவ்வொரு படியிலும் அந்தந்தப் பெண்ணே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்தது என்று கட்டாயமாக்கித் தொடரச் சொன்னார்கள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எங்கள் வீட்டில் பண்டிகை இல்லையென்றாலும் தெருவெல்லாம் புகை. பாண்டிச்செல்வி வந்து உள்ளறையில் என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

கடைசி அளவீடு. என்னைக் கூடத்துக்குள் விடவில்லை. வராந்தாவில் இருந்தேன்.

வேலுத்தாய் வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. ஷைலாதான் நடைமுறைப்படி எல்லாருக்கும் தகவல் சொல்லியிருக்கிறாள். "அளக்க வாரேன்னு முன்னாடியே சொல்லிட்டேன்ல" என்றார் என்னிடம். கதவு வரை போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. முதல் நாள் போன தூரம்கூடப் போகவில்லை.

நவம்பர் 23, சனி

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அடுப்புக் குழு அதிகம் முன்னேறியிருக்கிறது. பேச்சுக் குழுவும் சும்மா இருக்கவில்லை, அவர்களும் சில கோடுகள் தாண்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு குழு இல்லாமல் இருந்திருந்தால் அவ்வளவும் என் கைராசி என்று நினைத்திருப்பேன்.

ஆனால் வேலுத்தாயைச் சேர்த்தால், இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிறது புள்ளியியல். அவரை விட்டுவிட்டால் பயிற்சி பலித்தது என்று அடித்துச் சொல்லலாம். பாதியில் நின்றவர்தானே, விட்டால் யார் கேட்பார்கள்?

ஸ்ரீமதி மேடம் கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். "என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க சொல்லுங்க."

அந்தப் பயிற்சி அவருக்கும் நடந்ததுதான். நடந்து கெட்டதும் அதே பயிற்சிதான். கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை மட்டும் எண்ணினால், அடுத்து ஒரு நர்ஸ் என் ஆய்வேட்டைப் படித்துவிட்டு இன்னொரு பெண் முகத்துக்கு நேரே குச்சியை உரசுவாள்.

சேர்த்தே வைத்தோம். 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை.' அந்த ஒரு வரியை எழுதச் சாயங்காலம் ஆகிவிட்டது.

டிசம்பர் 1, ஞாயிறு

பேச்சுக் குழுவுக்குப் பயிற்சி தொடக்கம். இப்போது அவசரமில்லை. அவர்கள் சொன்னால்தான் அடுத்த படி. பாண்டிச்செல்வி அரை மணி நேரம் ஒரே கோட்டில் நின்றாள். நின்றுகொள் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பாண்டிச்செல்வி குச்சி உரசினாள். இரண்டு குச்சி நமுத்துப்போய்ப் பற்றவில்லை. மூன்றாவது பற்றியது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். "என்னக்கா நீங்க" என்று அதட்டினாள்.

ஜனவரி 13, திங்கள்

அய்யப்பன் தெருமுனையில் வண்டியை நிறுத்தினான். "அவளே காப்பி போட்டா யக்கா" என்றான். கொஞ்சம் நின்று, "நல்லாத்தான் இல்ல" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 8, சனி

வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பாதியில் நின்ற பெண்ணைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். "உங்க முடிவுரையைவிட இந்தப் பக்கம்தான் எனக்குப் பிடிச்சது" என்றார். தேறிவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாரணாபுரம் போனேன். ஆய்வுக்காக இல்லை. என்னைப் பார்த்ததும் வேலுத்தாய் கேட்டது: "என்னால உங்க படிப்பு கெட்டுப்போச்சா சிஸ்டர்?"

"இல்லம்மா. கெட்டது என்னாலதான். கேக்காம உரசிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன். பாண்டிச்செல்வியைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு நடந்ததைப் பார்த்துத்தான் அவளை அவசரப்படுத்தவில்லை என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். வரச் சொல்லி நான் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வேலுத்தாய் தானாக வந்தார். கூடத்துக் கதவைத் தாண்டி முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். தீப்பெட்டி என் பையிலேயே இருந்தது. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசினோம், இருக்கன்குடிக் கோயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவர், கதவு வரை போய்த் திரும்பினார்.

"அடுத்த வாரம் தீப்பெட்டிய எடுத்து வைங்க சிஸ்டர். உரச வேண்டாம். சும்மா வைங்க, பாப்போம்."