நாற்பத்தொரு ஜன்னல்கள்

லீத்,
6 மார்ச் 1994

அன்புள்ள மர்டோவுக்கு,

இங்கே நான் சுகம். ஹாலிஃபாக்ஸில் நீயும் ரோரியும் டெனிஸும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ கனடா போய் ஐந்து மாதமாகிறது. இதுவரை வந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் அட்டை, அதையும் டெனிஸ்தான் எழுதியிருந்தாள். மருமகள் சமையல் உன்னை ஒரேயடியாகச் சோம்பேறியாக்கிவிட்டது போலிருக்கிறது.

வேலைக்குக் குறைவில்லை. இப்போது போதகர் வீட்டில் பதினெட்டு ஜன்னல்கள், எல்லாம் கயிற்றில் மேலும் கீழும் ஓடுகிற பழைய மர ஜன்னல்கள். யாரோ புண்ணியவான் ஆறு பூச்சு பெயின்டை மேல்சட்டம், கீழ்ச்சட்டம், எடை தொங்கும் பக்கப்பெட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். கத்தியால் கீறி, கயிறு மாற்றி, கப்பிக்கு எண்ணெய் விட்டு, நேற்றுதான் முதல் ஜன்னலின் மேல்சட்டத்தைக் கீழே இறக்கினேன். போதகரின் மனைவி தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். தேநீர் போட மறந்துவிட்டாள்.

இனி முக்கியமான விஷயம். டோலர்டன் தெரு பதினான்காம் எண் கட்டடம் நினைவிருக்கும். எட்டு வீடு, நாற்பத்தொரு ஜன்னல். எண்பத்தாறில் நீயும் நானும் கோடை முழுக்க அங்கேதான் கிடந்தோம். அதில் ஆறு வீட்டை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. மர ஜன்னல்களையெல்லாம் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்க நகராட்சியிடம் மனுப் போட்டிருக்கிறார்கள். அது பாதுகாக்கப்பட்ட பழைய தெரு, அங்கே ஜன்னலை மாற்ற வேண்டுமானால் இனிப் பழுதுபார்க்கவே முடியாது என்று நம் தொழில்காரர் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். யாரோ கொடுத்துமிருக்கிறார்கள்.

மூன்றாம் மாடி ஜெஸ்ஸி டல்லக் (படகில் சமையல்காரியாக இருந்தாளே, அவள்தான்) பட்டறைக்கே வந்துவிட்டாள். "ஏண்டி ரோனா, எட்டு வருஷம் முன்னாடி நீங்க ரெண்டு பேரும் சரி பண்ணிக் குடுத்த ஜன்னல் ஒரு விரலால தள்ளினா மேல போகுது. அது உளுத்துப் போச்சுன்னு எந்தக் குருடன் எழுதினான்?" என்று ஒரே சத்தம். மனுவை ஏப்ரல் இருபத்தொன்றில் விசாரிக்கிறார்கள். நாம் எந்தெந்த ஜன்னலின் அடிப்படியை மாற்றினோம், எங்கே புது மரம் ஒட்டினோம் என்று நீ நாலு வரி எழுதி அனுப்பு. அப்போது எழுதி வைத்த குறிப்பேடு உன்னிடம்தான் இருக்கிறது. பாக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன் தோழி,
ரோனா

லீத்,
10 ஏப்ரல் 1994

மர்டோ,

உன் பதில் கிடைத்தது. இரண்டு வரி, அதுவும் டெனிஸ் கையெழுத்தில். "நீ இதுல தலையிடாத ரோனா. ஜெஸ்ஸியையும் ஒத்துக்கச் சொல்லு." படித்ததும் உனக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். பைத்தியக்காரி நான்.

வியாழக்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைக் கேட்டு வாங்கினேன். அங்கிருந்த பெண் நல்லவள், தனி மேசை கொடுத்து உட்கார வைத்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினால் மேலே நம் பட்டறையின் பெயர். நாம் சேர்ந்து தேர்ந்தெடுத்த அதே பச்சை எழுத்து. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு ஜன்னல்கள் உளுத்துவிட்டன, பழுதுபார்ப்பது வீண் என்று தட்டச்சு செய்திருந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஒன்று உன்னுடையது. மற்றது என்னுடையது.

அந்தக் கையெழுத்தை நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். எப்போது போட்டேன் என்று யோசித்தேன். 'க'வின் வால் மட்டும் நான் போடுவதைவிட நீண்டிருந்தது. அப்புறம்தான் புரிந்தது. எனக்கு அடிபட்டுக் கையில் கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் ரசீதுகளில் எனக்காக நீதானே கையெழுத்துப் போட்டாய்? நான்தானே போடச் சொன்னேன்? அந்த நாட்களில் உன் கை கற்றுக்கொண்டது, மறக்கவில்லை.

புகைப்படங்களும் இருந்தன. இன்றைய நிலை என்று கீழே எழுதியிருந்தது. ஜன்னல் படி பஞ்சாகப் போயிருக்கிறது, அதில் ஓர் உளி பிடிவரை இறங்கியிருக்கிறது. அந்த உளி என்னுடையது. அதைப் பிடித்திருக்கிற கையும் என்னுடையது மர்டோ. எண்பத்தாறு மே மாதம் வேலை தொடங்கிய முதல் வாரம் நாம் எடுத்த படங்கள் அவை. உளுத்த மரம் எவ்வளவு ஆழம் என்று வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்தவை. அந்த மரத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் படி வைத்தவர்கள் நாம்.

படத்தில் என் வலது கையில் ஐந்து விரலும் முழுசாக இருக்கின்றன. அதற்கு அடுத்த வாரம்தான் இரண்டாம் மாடியில் கயிறு அறுந்து மேல்சட்டம் என் கைமேல் விழுந்தது. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் பாதி போனது. துண்டுகளைப் பொறுக்கி உன் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, சிவப்பு விளக்கில் ஓரிடத்தில்கூட நிற்காமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நீ. வழியெல்லாம் அழுதவனும் நீதான், நானில்லை. அப்படிப்பட்ட நீ அந்தப் படத்தை உறையில் போட்டபோது அதில் என் விரல்களைப் பார்க்கவில்லையா? பார்த்துவிட்டுமா அனுப்பினாய்? இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கம்பெனிக்காரர்கள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. ஆளில்லாத வீடுகளில் திங்கட்கிழமையே பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். கயிறு அறுந்து இரும்பு எடைகள் பெட்டிக்குள் விழுகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது. நான் இழைத்த சட்டங்களைக் கடப்பாரையால் நெம்பி மாடியிலிருந்தே கீழே போட்டார்கள். ஒன்று விழுந்து கண்ணாடி சிதறியது, ஆனால் மூலை பிரியவில்லை. மூலையில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய கழுந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். ஜெஸ்ஸி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "இதுதான் அந்த உளுத்துப்போன ஜன்னலாடி?" என்று கேட்டாள். யார் எழுதிக் கொடுத்தது என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. என் வாயில் உன் பெயர் வரவில்லை.

இருபத்தொன்றாம் தேதிக்குள் நகராட்சிக்கு ஒரு தந்தி கொடு. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று மட்டும் சொல், காரணம் சொல்ல வேண்டாம். நானும் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். நீ கொடுக்காவிட்டால் நான் போய் என் கையைக் காட்ட வேண்டியிருக்கும். என்னை அதைச் செய்ய வைக்காதே.

ரோனா கார்ஸ்வெல்
(என் கையெழுத்து இப்படித்தான் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொள்.)

லீத்,
29 மே 1994

மர்டோவுக்கு,

தந்தி வரவில்லை. இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிவரை, கூட்ட அறையின் வாசலில் நின்று, யாராவது ஒரு காகிதத்தோடு ஓடிவருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியின் மேலாளர் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். நான் எழுந்ததும் அவன் சிரித்துக்கொண்டே, "மிஸஸ் கார்ஸ்வெல், இது நீங்களே குடுத்த அறிக்கைதானே? இப்ப மனசு மாறிடுச்சா?" என்றான். அறையில் சிலர் சிரித்தார்கள். நான் மேசைக்குப் போய் அந்தப் படத்தை வைத்து, பக்கத்தில் என் வலது கையை விரித்து வைத்தேன்.

விசாரணைக் குழுவின் தலைவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தக் கை எப்ப இப்படி ஆச்சும்மா?" என்று கேட்டார். தேதி சொன்னேன், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தேன். "அப்ப இந்தப் படம்?" என்றார். அதற்கு முந்திய வாரம் எடுத்தது என்றேன். "உங்க கையெழுத்து?" நான் போடவில்லை என்றேன். "யார் போட்டதுன்னு தெரியுமா?" அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இரவெல்லாம் விதவிதமாகப் பதில் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அங்கே நின்றபோது உன் பெயரைத் தவிர வேறெதுவும் உண்மையாக இல்லை. சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஜெஸ்ஸி "ஐயோ, மர்டோவா?" என்றது எனக்குக் கேட்டது.

மனு தள்ளுபடியானது. அதற்குள் அவர்கள் பிடுங்கியது இருபத்தொன்பது. கம்பெனி அத்தனையையும் மரத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்று உத்தரவு. அவர்களுடைய கிடங்கில் பதினொன்றுதான் உருப்படியாகக் கிடந்தன, மற்றவை விறகு. ஜெஸ்ஸியின் ஐந்தும் தப்பின. நகராட்சியின் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நம் பட்டறையை நீக்கிவிட்டார்கள். அறிக்கையில் என் பெயரும் இருக்கிறதல்லவா, விசாரணை முடியும்வரை நானும் சந்தேகத்துக்குரியவள்தான். போதகரின் மனைவி வந்து, "தப்பா நெனைக்காதீங்க, சபைல நாலு பேரு பேசுறாங்க" என்று மிச்ச ஏழு ஜன்னலை நிறுத்தச் சொல்லிவிட்டாள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். போலீஸ்காரர் ஒருவர் வந்து வாக்குமூலம் வாங்கிப் போனார். உன்னையும் கேட்பார்கள்.

இதெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ரோரியின் கடிதம் வந்தது. உனக்குத் தெரியாமல் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். அவன்மேல் கோபப்படாதே.

"அப்பாவுக்கு ரெண்டு வருஷமாவே நேரா பாக்குறது எதுவும் தெரியாது. ஓரத்துல இருக்கறதுதான் மங்கலாத் தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாரு" என்று எழுதியிருக்கிறான். கனடா போவதற்கு முன் ஒரு வருடமாக நீ அந்தக் கம்பெனிக்கு வேறு கட்டடங்களைத் தடவித் தடவியே பார்த்துச் சொல்லிவந்ததையும், மேலாளர் அதைக் கண்டுபிடித்து, "இதுல கையெழுத்துப் போடு பெரியவரே, இல்லேன்னா ரோனாகிட்டயே போய்ச் சொல்லிடுவேன்" என்று உன்னை மடக்கியதையும் எழுதியிருக்கிறான். புதுப் படம் எடுக்க உன்னால் முடியவில்லை, பழைய உறையை எடுத்துக் கொடுத்துவிட்டாய். படத்தில் இருந்தது யார் கை என்று உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி வெட்டுகிற வேலையை நீ என்னிடம் தள்ளியது, கண்ணாடியைப் பிடிக்க மக்குப் பசை அப்பினால் விளிம்பை விரலால் மட்டுமே தேடியது, ஏணியின் அடியில் நின்றுகொண்டு "நீ ஏறு, எனக்கு முழங்கால் வலி" என்றது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அத்தனையையும் பார்த்துக்கொண்டு நான் ஒன்றும் பார்க்கவில்லை. அதற்கு என்னையும் திட்டிக்கொண்டேன்.

ஆனாலும் மர்டோ, கண் போனதற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை. அது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக என்னையே விற்றாயே, அதுதான் ஆறவில்லை. தெரிந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாய்? துரத்தியிருப்பேனா? பாதி விரல் போனவளை வைத்துக்கொண்டு நீ தொழில் செய்யவில்லையா? ஜெஸ்ஸி குளிரில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, ரோனாவின் பெயர் கெட்டாலும் பரவாயில்லை, அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறாய். இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி நீ தெரிந்துகொண்டது அவ்வளவுதானா?

இப்போது ஒரு விஷயம் புரிகிறது. உனக்கு எழுதியதாக நினைத்து நான் எழுதியதெல்லாம் முதலில் டெனிஸுக்குத்தான் போயிருக்கிறது. அதனால் இனி வருவது அவளுக்கு.

டெனிஸ், நாம் சந்தித்ததில்லை. ஏப்ரலில் நான் எழுதியதை உன் குரலில் படிக்க வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள். சில வரிகளை நீ தாண்டிப் படித்திருப்பாய். உன் இடத்தில் நானாக இருந்தாலும் தாண்டியிருப்பேன். இந்த முறை தாண்ட வேண்டாம். முதலிலிருந்து, மெதுவாக, எல்லாவற்றையும் படித்துக் காட்டு. பாதியில் எழுந்து போகப் பார்ப்பான், விடாதே. முடிந்த பிறகு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பான். அவன் அப்படித்தான், நீயும் உட்கார்ந்திரு. எப்போது வாய் திறக்கிறானோ, அப்போது அவன் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதி எனக்கு அனுப்பு. என்னைத் திட்டினாலும் திட்டியதை எழுது. கர்த்தர் உன் வீட்டையும் பிள்ளைகளையும் காக்கட்டும். அவன் ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே, தாயே.

இப்படிக்கு,
ரோனா