உனக்குக் கால் எட்டாத வண்டி

அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே. நீ இப்போது இருக்கிற இடத்தில் அப்பாவைப் பெற்ற அப்பாரும் இருப்பார். அவர் வாயில் எதுவும் நிற்காது என்று உனக்கே தெரியும், அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே. எழுதி முடித்ததும் இந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடுவேன். உனக்கு வந்து சேர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்று சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது கையில் பெட்ரோல் வாசம் அடித்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். புளியையும் வைத்துப் பார்த்தேன். போகவில்லை. உன் கையில் எப்போதும் இருந்த வாசம் அது. நீ பக்கத்தில் வந்து படுத்தால் மஞ்சளுக்கும் மல்லிகைக்கும் மேலே அதுதான் வரும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவேன். எனக்கு நாற்றம் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். அது பொறாமை.

மாமாவின் மோட்டார் சைக்கிள் நம் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. ஏழாம் மாதம் உன்னைக் கூண்டு வண்டியில் ஏற்றிவிட்டு அவர் அதில்தான் பின்னால் வந்தார். வந்த சில நாளில் ஜன்னி கண்டு, வயிற்றில் இருந்ததோடு நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. நாளைச் சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் வந்து அதை வாங்கிக்கொண்டு போகிறார்.

நாளைக் காலையில் உனக்குக் கல் நடுகிறார்கள். ராசிபுரம் ரோட்டில், புளியமரத் திருப்பத்தில். வயிற்றுச் சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கி வைத்தால்தான் அவள் சுமை இறங்கும் என்று அப்பா அன்றைக்கே கல்லுக்குச் சொல்லிவிட்டார். நட்டு நிறுத்த இரண்டு கல், மேலே ஒரு குறுக்குக் கல். அதில் உன் பெயரை வெட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் நான். கல்லில் பெயர் இருப்பது உனக்கு. இதற்கும் எனக்குப் பொறாமை வருகிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வருகிறது.

கல் நட்டு முடிந்ததும், சொந்தமெல்லாம் கூடியிருக்கும்போதே, என்னை மாமாவுக்கு இரண்டாம் தாரமாகப் பேசி வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளப் போகிறார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் ஐந்தாம் பாரத்து வகுப்புப் புத்தகங்களை அம்மா பரண்மேல் தூக்கி வைத்துவிட்டாள். உன் பெட்டியைத் திறந்து உன் சேலைகளை எடுத்து என் இடுப்பில் வைத்து அளவு பார்த்தாள். எல்லாம் கணுக்காலுக்கு மேலேயே நின்றன. "கீழ துணி ஒட்டிக்கலாம்" என்றாள்.

நான் எவ்வளவு நெட்டை என்பது உனக்குத் தெரியும். நீ என் தோளுக்கு வருவாய். உன்னைப் பார்த்தால் ஊரே சிரித்தது, ஆனால் அது கொஞ்சுகிற சிரிப்பு. அப்பா உன்னை "என்ற குட்டி" என்பார். நான் போனால் "பனமரம் வருது, தலையைப் பாத்துக்கோ" என்பார்கள். அம்மா என்னைக் கூன் போட்டு நடக்கப் பழக்கினாள். உன் குள்ளத்தில் எனக்கு அத்தனை பொறாமை. அப்புறம் அந்த வண்டி வந்தது. அதற்கு வேண்டியது நீளமான கால். அது என்னிடம் இருந்தது. வண்டி உனக்குப் போனது.

அந்தப் பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வந்தபோது மாமா களத்தில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஏற்காட்டுத் தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கிய வண்டி. கிணற்றுக்கு எண்ணெய் என்ஜின் விற்க ஊர் ஊராகப் போகிறவருக்கு அவ்வளவு பெரிய வண்டி வேண்டியிருந்தது. எருமையைப் போல நின்றது. நீ நாற்று நடப் போகிறவளைப்போலச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாய். இரண்டு காலும் காற்றில் தொங்கின.

"கால் கீழ எட்டலியே" என்றார் மாமா.

"எட்டாட்டி என்னங்க. நிக்காம ஓட்டறேன்."

"நிக்கோணும்னு வந்தா?"

"கல்லு இருக்கிற பக்கமாப் பாத்து நிக்கறேன். ரோட்டுல கல்லுக்கா பஞ்சம்?"

மாமா சிரித்துக்கொண்டே என் காலைப் பார்த்துவிட்டு உன் பக்கம் திரும்பினார். "உன்ற தங்கச்சிக்கு இருக்கிற காலு உனக்கு இருந்திருந்தா இந்நேரம் சேலம் போய்ச் சேந்திருப்பே" என்றார். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். நான் அதை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் படுத்திருக்கிறேன். அந்தக் கால் இருந்தும் என்னை யாரும் ஏறச் சொல்லவில்லையே.

நீ சொன்னபடியே செய்தாய். நின்ற இடத்தில் அந்த வண்டியோடு மல்லுக்கட்ட மாட்டாய். நிற்க வேண்டிய இடத்தைத் தூரத்திலேயே பார்த்துவிடுவாய். மைல் கல், வாய்க்கால் மேடு, துவைக்கிற கல். எல்லாவற்றிலும் உனக்குப் பிடித்தது சுமைதாங்கி. ஏறி உட்கார்ந்தால் உன் தோளும் அதுவும் ஒரே உயரம். பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி மேல்கல்லில் கையை ஊன்றிக்கொள்வாய். விறகுக்கட்டோடு வருகிறவர்கள் அதில் சுமையை இறக்குவார்கள். நீ உன்னையே வண்டியோடு சாய்த்து வைப்பாய்.

சந்தைக்குப் போகிறவர் ஒருவர் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா?

"ஏனுங்க அம்மிணி, தூரத்துல பாத்தா வண்டி மட்டும் தனியா வருதுங்க. ஆளையே காணோம். நீங்க அதை ஓட்டறீங்களா, அது உங்களை ஓட்டுதா?"

"மேட்டுல நானு, பள்ளத்துல அதுங்க" என்றாய். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். நான் உன் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் கால் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றியிருந்தன. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

நீங்கள் மத்தியானம் தூங்கின அன்று நான் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பார்த்ததும் உனக்குத் தெரியும். இறங்கியது. ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கைப்பலத்தில் இழுத்துப் பிடிக்கப் பார்த்தேன். அது என்னையும் சேர்த்துத் தரையில் போட்டது. மாமா வந்து நிறுத்திவிட்டுப் படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்ததால் சூடு ஆறாத சைலன்ஸர் என் கெண்டைக்காலைச் சுட்டது. சத்தம் கேட்டு நீதான் வந்தாய். திட்டவில்லை. முதலில் வண்டிக்கு அடியிலிருந்து என் காலை உருவி எடுத்தாய். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி அதன்மேல் உட்காருகிறவளைப்போலக் குந்தினாய். ஒரு கையில் ஹேண்டில் பார், ஒரு கையில் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பி. அப்படியே காலை உதைத்துப் பின்பக்கமாக நடந்தாய். எருமை எழுந்து நின்றது.

"கையில இழுக்காதே. கை சும்மா பிடிச்சுக்கத்தான். விழப்போனா உட்டுரு, உழுந்த பின்னாடி எடுத்துக்கலாம். எடுக்கறது முதுகும் காலும்" என்றாய். பிறகு என் காலைப் பார்த்து, "உனக்கு என்னைவிட நல்லா வரும். ஆனா நீ அதுமேல கோவமா இருக்கறே" என்றாய்.

நான் வண்டிமேல் கோபமாக இல்லை, அக்கா. உன்மேல்தான். அதற்குப் பிறகு இரண்டு தடவை களத்தில் என்னை முன்னால் உட்காரவைத்து நீ பின்னால் உட்கார்ந்து ஓட்டவிட்டாய். அப்போதும் உன் கை என் இடுப்பைச் சுற்றி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நான் தனியாக ஓட்டுவதை யாராவது பார்க்க வேண்டும் என்றிருந்தது.

கடைசியில் எல்லோரும் பார்த்தது உன்னைத்தான். சேந்தமங்கலத்துக்கு அப்பால் மாமாவுக்கு மலைக்காய்ச்சல் தூக்கிப் போட, நீ அவரைப் பின்னால் உட்காரவைத்து, அவர் தலைத்துண்டால் உன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தாய். ஊருக்குள் நுழையும்போதே கத்தினாய்: "துவைக்கிற கல்லை வாசலுக்கு உருட்டுங்க, என்னால நிக்க முடியாது." நானும் அப்பாவும் கல்லை உருட்டினோம். நீ அதில் ஒரு காலை வைத்து நின்றாய். தெருவே கூடிவிட்டது. வைத்தியர் வந்து, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றார். நான் உனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்கும்போது என் மனத்தில் என்ன இருந்தது தெரியுமா? உன் சேலை, உன் வண்டி, உன்னைச் சுற்றி நின்ற கூட்டம், எல்லாம் என்னுடையதாக இருக்கக் கூடாதா என்று இருந்தது.

அதனால்தான் இப்போது பயம். சேலை வந்துவிட்டது. உன் வீடும் வரப்போகிறது. நான் ஆசைப்பட்டுத்தான் நீ போய்விட்டாயோ? அக்கா, உன் சேலை எனக்கு எட்டவில்லை. உன் புருஷன் எனக்கு மாமாதான், வேறு எதுவும் இல்லை. உன்னிடம் இருந்ததில் நான் கேட்டது ஒன்றுதான். அதை மட்டும் விற்கிறார்கள்.

உன் மாமியார் முந்தாநாள் வந்து அம்மாவிடம் பேசியதைக் கேட்டேன். "அந்த வண்டி ஏறித்தானுங்க என்ற பேரனும் போனான், அவளும் போனா" என்றார். நீ மசக்கை கண்டதிலிருந்து வண்டியைத் தொடவே இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அம்மா அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். "சின்னவ நெட்டையா இருந்தாலும் அடக்கமுங்க. அந்த வண்டிப் பக்கமே போக மாட்டா. அதுக்குத்தான் கேக்கறேன். வண்டி ஏறுன காலு இனி என்ற ஊட்டுப் படி மிதிக்கப்படாது" என்றார் உன் மாமியார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

இன்று சாயங்காலம் மாமா வந்தார். எல்லோரும் கல்லைப் பார்க்கப் போயிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் எட்டாமலே ஓட்டுனா" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "டேங்குல கொஞ்சம் பெட்ரோல் கெடக்குது. புளியமரத் திருப்பம் வரைக்கும் போகக் காணும்" என்றார். சொம்பை வைத்துவிட்டு அவரும் கல்லைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கும் இந்தக் கல்யாணம் வேண்டாம் போலிருக்கிறது. அவராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அவர் போனதும் சாக்கை எடுத்தேன். ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். சாய்ந்தது. நான் இழுக்கவில்லை. கையைச் சும்மா வைத்துக்கொண்டு இடுப்பைக் கொடுத்தேன். நின்றது. மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். பெட்ரோல் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தபோதுதான் கையில் பட்டது. உன் கல்லைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நான் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

நாளைக் காலை எல்லோரும் கல் நட நடந்து போவார்கள். தலைவலி என்று நான் பின்தங்கிவிடுவேன். பிறகு வண்டியை எடுப்பேன். கூன் போடாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, சொந்தமெல்லாம் பார்க்க, உன் மாமியார் பார்க்க, புளியமரத் திருப்பம் வரைக்கும் போவேன். அதற்குப் பிறகு உன் மாமியாரே வெற்றிலைத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார். அப்பா அடிப்பார். அது ஆறிவிடும். கெண்டைக்காலில் இருக்கிற இந்தத் தழும்பும் ஆறியதுதான், ஆனால் தினமும் குளிக்கும்போது பார்க்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது இதுவும் இந்த வாசமும்தான். சேலைகள் இல்லை.

எனக்குக் கால் தரையில் எட்டும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனாலும் உன் கல்லின் பக்கமாய்த்தான் நிறுத்துவேன். மேல்கல்லில் கையை ஊன்றி நிற்பேன். உன்னைப்போலவே நிற்கிறேனா என்று நீ பார். உன்னைவிட நன்றாக ஓட்டினேன் என்று ஒருத்தராவது சொன்னால்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவின் வளையல் சத்தம் இல்லை, அப்பா இருமுகிறார். தாளை அடுப்பில் போட்டுவிடுகிறேன். வாசம் இன்னும் போகவில்லை அக்கா, கையை எங்கே