எழுதினவர்ர கையெழுத்து

தோஹா
14.06.2009

அன்பான மம்மிக்கு,

உங்கட முழங்கால் நோவு குறைஞ்சிருக்கா? பூசைக்கு நடந்து போகாதீங்க, லெஸ்டர்ர ஓட்டோவில போங்க. யுத்தம் முடிஞ்ச பிறகும் கல்லடிப் பாலத்தில செக்கிங் இருக்கா? நான் நல்ல சுகம்.

கல்லூரியில ஒரு சின்னப் பிரச்சினை, பயப்பட ஒண்டுமில்ல. டெரிக் அண்ணன் போட் எஞ்சின் பற்றி எழுதின கொப்பியை முழுசா போட்டோகொப்பி எடுத்து, நான் படிப்பிக்கிற வகுப்பில முப்பது பேருக்கும் குடுத்திட்டன். நம்மட ஊரில இதையெல்லாம் ஆர் கேக்கிறது? இங்க நூலகத்து மிஸ் கூப்பிட்டா. பாடத்துக்கு ரெண்டு மூண்டு பக்கம் எடுக்கலாமாம், முழுக் கொப்பிக்கும் எழுதினவர்ர சம்மதம் வேணுமாம். ஒரு படிவம் தந்தா. எழுதினவர் உயிரோட இருந்தா அவர்ர கையெழுத்து, இல்லாட்டி மரணச் சான்றிதழ்.

சுனாமி கொண்டுபோன அண்ணனுக்கு அந்தச் சான்றிதழை எடுங்க எண்டு நாலு வருசமா உங்களோட போனில சண்டை பிடிச்சவன் நான்தான். "உடம்பைக் காணாம நான் கையெழுத்து வைக்க மாட்டன்" எண்டு நீங்க அழுவீங்க. இறந்த திகதி எண்ட இடத்தில நான் டிசம்பர் எண்டு எழுதத் தொடங்கினன். ஏலாமப் போச்சு, மம்மி. படிவத்தை வெறுமையாத் திருப்பிக் குடுத்திட்டு, பொடியன்மாரிட்ட தாள்களையெல்லாம் வாங்கிட்டன். இப்ப கொப்பியில இருக்கிற அவர்ர படங்களைப் பார்த்து நானே கரும்பலகையில கீறுறன்.

என்னோட வேலை செய்யிற இஷாம் லீவில ஊருக்கு வாறான். அவன்ட்ட கொஞ்சம் மிளகாய்த்தூளும் அண்ணன்ட போட்டோ ஒண்டும் குடுத்து விடுங்க.

கல்லூரி பஸ் வந்திட்டு. சான்றிதழ் விசயத்தை விடுங்க. இனி நான் கேக்க மாட்டன்.

உங்கட மகன்,
கிளோட்