காந்தம் ஒட்டாத கதவு

ஞாயிறு, ஆகஸ்ட் 17, 2003

நாளைக்கு என் ஜீப்புக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தோம். காலடிப்பேட்டையில் பாபுவின் டிங்கர் கொட்டகையில் தனியாக இருந்தேன். அவன் டீ வாங்கப் போயிருந்தான். கை சும்மா இருக்காமல் அங்கே கிடந்த காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தேன். இடது கதவின் அடியில் ஒட்டாமல் கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் விழுந்தது.

இந்தப் பழைய ஜப்பான் ஜீப்பை வாங்குவதற்காகப் பார்க்கப் போன அன்று, "காந்தம் புடிக்கலன்னா உள்ள தகடு இல்ல மாமு, பட்டி மாவு பூசிகீறான்னு அர்த்தம்" என்று சொல்லிக் கொடுத்தவனே பாபுதான்.

கதவடியில் இருந்த துருவை வெட்டிப் புதுத் தகடு வைத்துவிட்டதாகப் போன வாரம் சொன்னான். வெல்டிங் சூடு பட்டது என்று விரலைக் காட்டினான். நான்தான் மருந்து போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம். வேறு ஆளாக இருந்தால் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கியிருப்பேன்.

டீயோடு வந்தவன் என் கையிலிருந்த காந்தத்தைப் பார்த்தான்.

"இன்னா மாமு, செக் பண்ணிகினு கீறியா?"

"எல்லா இடத்துலயும் புடிக்குது" என்றேன். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன்.

டீயை என் பக்கம் நகர்த்தினான். "அப்ப காலைல பெயின்ட் அட்ச்சிடலாம்" என்றான்.