பதினெட்டாம் ஷரத்து

மார்ச் 4, திங்கள்

இன்று பதினோரு வழக்குகள். ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வங்கியின் வக்கீலுக்கு நானும் டைப்பிஸ்ட் அம்மாவும் வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. நின்றபடியே வாதாடிவிட்டு நின்றபடியே கிளம்பிவிடுவார். டைப்பிஸ்டிடம் வாசகம் தயாராக இருக்கிறது: 'அழைப்பு அனுப்பியும் எதிர்த்தரப்பு ஆஜராகாததால், ஆவணங்களை விசாரித்ததில்...' பெயரும் கணக்கு எண்ணும் மட்டும் மாறும். கையெழுத்து என்னுடையது.

நீதிபதியாக இருந்த காலத்தில் ஒரு நாளில் ஒரு தீர்ப்பு எழுதினாலே பெரிய விஷயம். ஓய்வு பெற்றபின் வேகம் கூடிவிட்டது! கடன் பத்திரத்தின் பதினெட்டாம் ஷரத்து சொல்வது இதுதான்: தகராறு என்று வந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, வங்கி நியமிக்கும் நடுவரிடம்தான் போக வேண்டும். அந்த நடுவர் நான்.

மார்ச் 11, திங்கள்

ஒருவர் வந்தார்.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப் நடத்துகிறார். நகத்திலெல்லாம் வெள்ளை மாவு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? உங்களை இங்க போட்டது யாரு?"

"ஷரத்துப்படி வங்கி."

"இந்த ரூமுக்கு வாடகை?"

அவசரம் இருமினார். "அதுவும் வங்கிதான்" என்றேன்.

"இதுவரைக்கும் இங்க எத்தனை கேஸ்ல வங்கி தோத்திருக்கு?"

டைப்பிஸ்ட் தட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரு வாரம் தள்ளிவைத்தேன்.

அவர் கொடுத்துவிட்டுப் போன காகிதங்களைப் படித்தேன். பல் சுடும் உலை வாங்கக் கடன். பணத்தை வங்கி நேராக விற்றவனுக்கே கொடுத்துவிட்டது. உலை ஒரு நாளும் சூடேறவில்லை என்கிறார். உலையை நிறுவி ஓட்டிப் பார்த்தாயிற்று என்று வங்கியிடம் ஒரு சான்று இருக்கிறது, தேதி இரண்டு. அதிலிருக்கும் கையெழுத்து தன்னுடையதல்ல என்கிறார். உலை வந்து இறங்கியதற்கான லாரி ரசீதில் அதே மாதம் தேதி இருபத்துமூன்று. ஆக, வந்து சேராத உலை மூன்று வாரம் ஓடியிருக்கிறது.

மார்ச் 12

எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வழக்குகள். வங்கி தோற்றது — ஒன்றுகூட இல்லை.

மார்ச் 14, வியாழன்

மனைவியிடம் சொன்னேன். கணக்கு டீச்சராக இருந்தவள், சிரித்துவிட்டாள். "பரீட்சைக்கு ஒருத்தரும் வரல. ஆனா நீங்க எல்லாருக்கும் முட்டை போட்டு அனுப்பிட்டீங்க."

சாப்பிடும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 18, திங்கள்

இருதரப்பையும் வைத்துக்கொண்டு சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். என்னை நியமித்தது வங்கி மட்டும். இவ்வளவு வழக்கு இதே வங்கிக்காக முடித்திருக்கிறேன். இதெல்லாம் தெரிந்தபின் எதிர்த்தரப்பு எழுத்தில் சம்மதித்தால்தான் நான் விசாரிக்கலாம். இல்லையென்றால் கோர்ட் வேறு நடுவரைப் போடும்.

அவர் சம்மதிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யார் பக்கம் நியாயம் என்று காகிதத்தைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. அதை நான் சொல்ல முடியாது.

நான் எழுதிக் கொடுத்ததை அவர் மடித்துப் பையில் வைத்தார். "நீங்க நல்லவரா இருக்கலாம் ஐயா. முகத்தைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது. ஆனா அப்படி நம்பித்தானே அந்தக் கடன் பத்திரத்திலயும் கையெழுத்துப் போட்டேன்?"

விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் கோபம். உனக்காகத்தானேம்மா நான் — இத்தனை வருஷம் பெஞ்சில உக்காந்திருந்தவன் — என்னைப் போய் —

சரி. அந்த அம்மாவுக்கு நான் யார்?

மார்ச் 20

வங்கியின் சட்டப்பிரிவுத் தலைவர் போன் செய்தார். ஒரு காலத்தில் என் கோர்ட்டில் ஜூனியராகக் கைகட்டி நின்றவர்.

"சார், ஒரு லேடி கேட்டாங்கன்னு விலகிட்டீங்க, பரவால்ல. மத்த பத்தொன்பது ஃபைலையாவது முடிச்சுக் குடுத்துடுங்க. அவங்க யாரும் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கறதுக்கு அவங்க வந்தாத்தானேப்பா?"

"வராதது அவங்க தப்பு சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 22, வெள்ளி

பத்தொன்பதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்குமுன், ஒவ்வொரு ஃபைலின் பின்னாலும் செருகியிருந்த அழைப்புக் கவர்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. 'அனுப்பப்பட்டது' என்று மேலே ஒரு சீட்டு இருக்கும். அதோடு திருப்தி.

பதினாலு கவர் திரும்பி வந்தவை. 'வீடு மாறிவிட்டார்.' 'கதவு பூட்டு.' 'இப்படி ஒருவர் இல்லை.' ஒன்றில் தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'காலமானார்.' அவரை வருகிற திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்.

டைப்பிஸ்ட் அம்மா மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு, "எனக்கு வேற நடுவர்கிட்ட இடம் சொல்லியிருக்காங்க சார்" என்றார், தலையைத் தூக்காமல். போகட்டும். அவர் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது.

ஏப்ரல் 9

முடிந்துபோன இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கடிதம் போடலாமா என்று நினைத்தேன். என்னிடம் இருப்பதும் அதே பழைய விலாசங்கள்தான்.

ஜூன் 6, வியாழன்

காலையில் வாசல் மணி. சரக்கு வேன் ஓட்டுகிறவராம். கையில் நான் கொடுத்த தீர்ப்பின் நகல், நாலாக மடித்தது. அதை நிறைவேற்றச் சொல்லி வங்கி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. கோர்ட் ஊழியரான ஆமீன் வந்து வீட்டை ஜப்தி செய்வதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன பிறகுதான், இப்படியொரு தீர்ப்பு இருப்பதே இவருக்குத் தெரியும்.

"இது உங்க கையெழுத்துதானே ஐயா?"

"ஆமா."

"நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"நீங்க வரவே இல்லையே."

"அப்புறம் எப்படி 'விசாரித்ததில்'னு எழுதியிருக்கு?"

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

தவணை கட்ட முடியாமல் போனதும், கடனில் வாங்கிய வேனை அவரே கொண்டுபோய் வங்கியின் யார்டில் விட்டிருக்கிறார். ரசீது வைத்திருக்கிறார். என் தீர்ப்பில் வேனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஜூன் 8

வேன்காரருடைய வக்கீல் பேசினார். ஒரு தரப்பு மட்டும் நியமித்த நடுவரின் தீர்ப்பு செல்லாது என்று வாதாடப் போகிறாராம். நியமனம் எப்படி நடந்தது என்று நானே பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பலமாக இருக்கும். கட்டாயமில்லை, என்றார்.

என் தீர்ப்பு செல்லாது என்று நானே எழுதிக் கொடுப்பதா? மத்தியானம் முழுக்கக் கூடத்தில் நடந்தேன்.

"மானம் போயிடும்னு பாக்கறீங்களா?" — மனைவி.

"ஆமா."

"போனா எனக்கும் சேர்த்துத்தான் போகும். எழுதுங்க."

ஜூன் 24, திங்கள்

கையெழுத்திட்டேன். வக்கீல் கேட்டது இரண்டு விஷயம்: வங்கி மட்டுமே என்னை நியமித்தது, மற்ற வழக்குகளைப் பற்றி எதிர்த்தரப்புக்கு நான் சொல்லவில்லை. மூன்றாவதை நானாகச் சேர்த்தேன்: 'அழைப்பு அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நான் பார்க்கவில்லை.'

"இது வேணாமே சார்" என்றார்.

"இருக்கட்டும்."

ஜூலை 2

பழைய ஜூனியர் போன் செய்தார். இந்தத் தடவை 'சார்' இல்லை. இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 13

மருந்துக் கடையில் அவசரத்தைப் பார்த்தேன். பல் லேப் அம்மாவின் வழக்கு முடிந்ததாம். கோர்ட் நியமித்த புது நடுவர், அந்தச் சான்று போலி என்று எழுதிவிட்டார். வங்கியின் கோரிக்கை தள்ளுபடி.

"நீங்களும் அதையேதான் எழுதியிருப்பீங்க, இல்ல சார்?"

எழுதியிருப்பேன் என்றேன். வீடு வந்து சேர்வதற்குள் அத்தனை நிச்சயமாக இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் பிரமாணப் பத்திரத்தை உரக்கப் படித்தார், மூன்றாவது வாக்கியம் உட்பட. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தீர்ப்பை நிறைவேற்ற முடியாது, ஜப்தி ரத்து என்று உத்தரவு.

நடைகூடத்தில் வேன்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "அப்ப நான் ஜெயிச்சிட்டேனா ஐயா?"

"இல்லைங்க. வங்கி மறுபடி வரும். இந்தத் தடவை நடுவரைக் கோர்ட்டே போடும். என்ன நடந்துச்சுன்னு அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேப்பார்."

"அவ்வளவுதானே?" என்றார். "கேட்டா சொல்லிடுவேன்."