சேலை ஊசியில் பெற்றோல் மணம்

இன்று காலை சேலை மடிப்பைத் தோளில் சேர்த்து ஊசி குத்தும்போது பெற்றோல் மணத்தது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிய ஊசி. நேற்று உங்கள் வண்டியைக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் முழங்கால் மடங்க மறுத்த வருடம், கொழும்பில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆட்களை ஏற்றி ஓடிக் கழித்துவிட்ட சின்னப் பெற்றோல் வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். சண்டிலிப்பாய் ஒழுங்கையில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே, அதில் கோயிலுக்குப் போக எனக்கு வெட்கமாயிருந்தது. "கொன்வென்ரிலை படிச்சனீர், நிமிர்ந்து இரும். ராசாத்தி வாறா எண்டு நினைக்கட்டும்" என்றீர்கள். நிமிர்ந்துதான் இருந்தேன்.

ஒருநாள் மதகடியில், ஓடிக்கொண்டிருந்தபடியே அது நின்றது. சற்று விட்டால் ஓடும், பிறகு நிற்கும். பிளக்கைக் கழற்றி வேட்டியில் துடைத்தீர்கள். பில்டரைப் பார்த்தீர்கள். கடைசியில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருக, காற்று உஸ்ஸென்று உள்ளே இழுபட்டது. மூடியிலிருந்த சிறு துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. உள்ளே காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் வெளியே வராதாம். "உம்மடை சேலை ஊசியை ஒருக்காத் தாரும்" என்று கை நீட்டினீர்கள். மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே கோயில்வரை வந்தேன். கோபத்தில் பேசாமல் வருகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை.

சாவகச்சேரியில் கலியாண மண்டபம் வைத்திருப்பவர், பெண் மாப்பிள்ளையை ஏற்றி ஊர்வலம் விட அந்த வண்டியை முன்பே கேட்டு வந்தார். "இது என்ரை மனுசியின்ரை வண்டி" என்று அனுப்பிவிட்டீர்கள். அவர் போனதும் என்னிடம், "நான் இல்லாட்டிலும் உந்த வண்டியைக் குடுத்துப்போடாதையும்" என்றீர்கள். ஓம் என்றேன்.

நீங்கள் கண்மூடியபின் தனியே இருந்தது போதுமென்று, அடுத்த மாதம் மகளிடம் கனடாவுக்குப் போகிறேன். வீட்டைப் பூட்டுமுன் வண்டி நிற்கும் கொட்டிலை வெறுமையாக்கச் சொன்னாள். மண்டபக்காரரை நானே கூப்பிட்டேன். லொறியும் ஆட்களுமாய் வந்து, வண்டியை ஓட்டிப் பார்த்தார். படலை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வண்டி நின்றது. பிளக்கைப் பார்த்தார், பில்டரைப் பார்த்தார், எங்கெங்கோ தட்டினார். "ஓடேக்கை நிக்கிற வண்டியிலை பொம்பிளை மாப்பிளையை ஏத்தேலாதம்மா. எனக்கு வேண்டாம்."

எனக்கு மூச்சு வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வண்டி கொட்டிலுக்குத் திரும்பியிருக்கும், உங்களுக்குச் சொன்ன சொல்லும் நின்றிருக்கும். கையைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "ஐயா உந்த வண்டியைக் கவனிக்காமல் விட்டிட்டார் போலை."

தோளிலிருந்த ஊசியைக் கழற்றினேன்.

"தம்பி, அந்த மூடியைத் திறவுங்கோ."

உஸ்ஸென்றது. காய்ந்த குளவி மண்ணை நானே குத்தி எடுத்தேன். வண்டி சந்திவரை போய்த் திரும்பி வந்தது; ஓரிடத்திலும் நிற்கவில்லை. அம்மா கெட்டிக்காரி என்றார். அது ஐயா காட்டித் தந்தது, அவர் எதையும் கவனிக்காமல் விட்டதில்லை என்றேன். அதற்குள் லொறியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

உங்கள் பெயருக்காகத்தான் பேசினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் என்னிடம் பெயரைக் காக்கச் சொல்லவில்லையே. இன்னொருவர் உங்களைக் குறை சொல்ல என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அதற்கு உங்கள் வண்டியையே கொடுத்துவிட்டேன்.

புது ஊசிகள் மேசையில் இருக்கின்றன. நான் இதையேதான் குத்தியிருக்கிறேன். மண்ணைக் குத்தியதில் வளைந்துவிட்டது. மடிப்புக் கோணலாய் நிற்கிறது. நிற்கட்டும்.